மாவுக்குள் மறைந்த மருந்து

செய்தி சொல்லுதல் எளிய காரியம் அன்று. ஊரிலே ஓர் இளைஞன் இறந்துவிட்டால், தூரத்திலுள்ள அவன் தாய்க்கு அதை யார் சொல்வது, எப்படிச் சொல்வது, அவள் ஒரு வாய் உண்ட பின்பா, முன்பா என்றெல்லாம் பெரியவர்கள் கூடியிருந்து யோசிப்பதை நாம் கண்டிருக்கிறோம். "சுகமில்லை, உடனே புறப்பட்டு வரவும்" என்று தந்தி அடித்துவிட்டு, உண்மையை வீட்டு வாசலிலே வைத்துச் சொல்லும் வழக்கமும் ஒரு காலத்தில் நம்மிடையே இருந்தது. இத்தனை கவனமும் எதற்காக? கேட்பவரின் நெஞ்சு தாங்க வேண்டுமே என்பதற்காக. சொல்பவருக்குத் தீங்கு நேருமே என்று நாம் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. சொன்ன வாயிலேயே அடி விழும் ஒரு செய்தியைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன்.

எச்.ஐ.வி. என்னும் கிருமி ஒருவரது இரத்தத்தில் இருப்பதாகத் தெரியவந்தால், அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ துணைவருக்கோ அதை அறிவித்து, அவரையும் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும் என்பது வைத்தியத் துறையினரின் கொள்கை. கொள்கை நல்லதே, அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல. ஆனால் அந்த அறிவித்தல் ஒரு வீட்டுக்குள்ளே நிகழ்கிறது. அந்த வீட்டிலே ஏற்கனவே ஓங்கிய கை ஒன்று இருக்குமானால் என்ன செய்வது? இந்த வினாவை என் மனத்தில் முதன்முதல் விதைத்தது ஒரு புத்தகமோ பிரசங்கமோ அன்று. என் வீட்டிலே துணி துவைத்த ஒரு பெண்ணின் முகம்.

செம்புச் சுரங்க நாட்டில்

1984ஆம் ஆண்டு தொடக்கம் 1993ஆம் ஆண்டு வரை நானும் என் கணவரும் ஆபிரிக்காவிலுள்ள சாம்பியா நாட்டில் ஆசிரியத் தொழில் பார்த்தோம். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கணித, விஞ்ஞான ஆசிரியர் பலர் சாம்பியா, நைஜீரியா, எதியோப்பியா முதலிய நாடுகளுக்கு ஒப்பந்தத்தில் சென்றதை மூத்த வாசகர்கள் அறிவர். எங்களுக்குக் கிடைத்த இடம் செம்புச் சுரங்கங்கள் சூழ்ந்த கிட்வே நகரம். செம்மண் தெருக்களும் மாமரங்களும் நிறைந்த அவ்வூரிலே எங்களுக்கு அந்நியம் தோன்றியதேயில்லை. சோள மாவைக் கொதிநீரில் இட்டுக் கிளறிச் செய்யும் 'இன்ஷிமா' என்னும் அவர்களுடைய உணவு, நம்முடைய களிக்குத் தூரத்து உறவு என்று என் கணவர் வேடிக்கையாகச் சொல்வார். எந்த வீட்டிலும் அடுப்படியில் ஒரு சோளமா மூட்டை இருக்கும். அந்த மூட்டையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் அங்கே இருந்த காலத்திலேதான் எயிட்ஸ் அந்நாட்டைப் பிடித்தது. முதலில் அது ஒரு வதந்தியாக இருந்தது. பின்னர் ஆசிரியர் ஓய்வறையிலே வெறும் நாற்காலிகள் தோன்றத் தொடங்கின. 1987ஆம் ஆண்டிலே நாட்டின் ஜனாதிபதியாயிருந்த கென்னத் கவுண்டா, தம் மகன் ஒருவர் எயிட்ஸ் நோயினால் இறந்தார் என்று உலகறியச் சொன்னார். ஆபிரிக்கத் தலைவர்கள் பலர் வாய் திறக்க அஞ்சிய காலம் அது. ஒரு தந்தையின் துணிவைக் கண்டு நாங்கள் வியந்தோம். அவரை எவரும் ஏசவில்லை, நாடே அனுதாபப்பட்டது. உண்மையைச் சொன்னால் உலகம் இரங்கும் என்ற எண்ணம் எங்களுக்கு அன்று உறுதிப்பட்டது.

அந்த எண்ணம் எல்லாருக்கும் பொருந்தாது என்பதை 1991ஆம் ஆண்டிலே கண்டேன்.

எங்கள் வீட்டுக்குக் கிழமையில் மூன்று நாள் வந்து துணி துவைத்துக் கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். பெயரைச் சொல்லேன். முப்பது வயதைத் தொடாதவள். பெம்பா மொழி பேசுபவள். என்னைப் 'பாமாயோ' என்று அழைப்பாள். அம்மா என்பதற்கு மரியாதையான சொல் அது. கணவன் சுரங்கத் தொழிலாளி. மூன்றாவது குழந்தையைச் சிட்டெங்கேத் துணியால் முதுகிலே கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வருவாள். அந்தக் குழந்தை தேறவில்லை. வயிற்றோட்டம், காய்ச்சல், மீண்டும் வயிற்றோட்டம். வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது தாயின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களின் பின் அவளை அழைத்து முடிவைச் சொல்லி, "உன் கணவனுக்குச் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு வா" என்று அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். அவன் எப்படிப்பட்டவன் என்று எவரும் கேட்கவில்லை. அவள் சொல்வதற்கு முன்னரே அவன் அவளை அடித்து வந்தவன் என்பது அந்த வரிசை வீடுகளிலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

அவள் சொன்னபடி செய்தாள். அன்றிரவே கணவனிடம் சொன்னாள்.

மறுநாட் காலை அவள் எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றபோது ஒரு கண் மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. குழந்தை முதுகில் உறங்கிக்கொண்டிருந்தது. இரவு முழுவதும் அயல் வீட்டுத் தாழ்வாரத்திலே இருந்தாளாம். நான் அவளுக்குத் தேநீர் கொடுத்தேன். நெடுநேரம் பேசாதிருந்தவள் பின்னர் சொன்னது இது: "நான் முதலில் சொன்னபடியால், நான்தான் கொண்டுவந்தேன் என்கிறார், பாமாயோ."

முதலில் அறிந்தவரே குற்றவாளி

முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அந்த ஒரு வாக்கியம் என்னை விட்டு நீங்கவில்லை. ஏனெனில் பின்னர் நான் படித்த பல அறிக்கைகளின் சாரம் அதற்குள்ளே இருந்தது.

சிறிது யோசித்துப் பாருங்கள். ஒரு குடும்பத்திலே இந்தக் கிருமியைப் பற்றி முதலில் அறிபவர் யார்? பெரும்பாலும் மனைவி. கருவுற்றதும் கிளினிக்குக்குப் போகிறவள் அவள். குழந்தைக்கு நோய் என்றால் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளும் அவளே. இரத்தம் எடுக்கும் ஊசி அவளைத்தான் முதலில் சந்திக்கிறது. கணவனோ, எழுந்து நடமாட முடியும்வரை வைத்தியசாலைப் படி மிதிப்பதில்லை. ஆகவே, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது எப்படியிருந்தாலும், வீட்டுக்குச் செய்தியைக் கொண்டுவருகிறவள் அவளாகிறாள். செய்தியைக் கொண்டுவந்தவள் நோயையும் கொண்டுவந்தவளாகக் கருதப்படுகிறாள்.

இரத்தப் பரிசோதனைக்கோ அந்த வழக்கைத் தீர்க்கும் வல்லமை இல்லை. வழக்கமான பரிசோதனை, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய பொருள் இரத்தத்தில் உண்டா என்று பார்க்கிறது. உண்டு அல்லது இல்லை என்பதே அதன் விடை. எந்த ஆண்டில் வந்தது, எவரிடமிருந்து வந்தது என்று அது கூறாது. ஆனால் அடிக்கிறவன் ஆய்வுகூடத்தின் விடைக்காகக் காத்திருப்பதில்லை அன்றோ?

அவள் ஏன் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். அந்த வீடு சுரங்கத்தாருடையது. வேலை செய்பவனுக்கே வீடு; அவன் வெளியேற்றினால் அவளுக்குத் தெருவே கதி. மேலும், அங்கே மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்குப் பொருள் கொடுத்தே பெண் எடுக்கிறார்கள். பெண் திரும்பி வந்தால் வாங்கிய பொருளைத் திருப்பிக் கேட்பார்களே என்ற அச்சம் பிறந்த வீட்டையும் மௌனமாக்கிவிடுகிறது. மணத்துக்கு முன் மூத்த மாதர் மணப்பெண்ணுக்குப் பல நாள் புத்தி சொல்லும் வழக்கமும் அங்கே உண்டு. வீட்டுக் காரியம் வீட்டுக்கு வெளியே போகலாகாது என்பது அப்புத்திமதிகளுள் முக்கியமானது.

இதைக் கேட்டு 'ஐயோ, பிற நாட்டு வழக்கம்' என்று நாம் பெருமூச்சு விட்டுவிட இயலாது. 'கல்லானாலும் கணவன்' என்றும், 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்றும் நம்முடைய மூத்த மாதர் சொல்லாத புத்தியா? தேசவழமையிலே சீதன வீடு பெண்ணின் பெயரில் இருக்கிறது; அது ஒரு பலமே. ஆயினும், கணவனின் சம்மதமின்றி அவள் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கூரை தன்னுடையதாக இருந்தும் அதன்கீழ் அடி வாங்கும் பெண்களை நம் ஊரிலும் நான் அறிவேன். 2019ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் எடுக்கப்பட்ட மாதர் நலக் கணக்கெடுப்பு, துணைவரோடு வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் அத்துணைவரின் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்திருப்பதாகக் கூறியது.

அடுப்படி மூட்டையின் இரகசியம்

1991இல் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வைத்தியர்களிடம் நல்ல மருந்து இருக்கவில்லை. செய்தி மட்டுமே இருந்தது. சில மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துக் கிருமியை அடக்கலாம் என்பது 1996ஆம் ஆண்டளவில்தான் உறுதியாயிற்று. அம்மருந்து ஏழை நாடுகளை அடையப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. சாம்பியாவின் அரசாங்க வைத்தியசாலைகளில் 2005ஆம் ஆண்டிலே அது இலவசமாக்கப்பட்டது. அச்செய்தியைப் படித்தபோது நான் ஊர் திரும்பிப் பன்னிரண்டு வருடங்களாகியிருந்தன. இனி அந்நாட்டுப் பெண்களுக்கு விடிவு காலம் என்று மகிழ்ந்தேன்.

2007ஆம் ஆண்டின் இறுதியில், மனித உரிமைகள் கண்காணிப்பகம் என்னும் சர்வதேச அமைப்பு சாம்பியப் பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் தலைப்பே என்னைத் திடுக்கிட வைத்தது. 'சோள மாவுக்குள் ஒளித்து' என்று அதைத் தமிழில் சொல்லலாம். கணவன் கண்டால் அடிப்பான், அல்லது வீட்டை விட்டுத் துரத்துவான் என்று அஞ்சிய பெண்கள், வைத்தியசாலையில் இலவசமாகப் பெற்ற உயிர் மருந்தைச் சோளமாவுக்குள்ளும், பூச்சட்டிக்குள்ளும், நிலத்திலே தோண்டிய குழிக்குள்ளும் ஒளித்து வைத்து விழுங்கி வந்தார்கள் என்பதை அவ்வறிக்கை அவர்கள் வாய்மொழியாகவே எடுத்துரைத்தது. அடுப்படிக்கு ஆண்கள் வருவதில்லை. மா மூட்டையிலே கைவிடுகிறவள் பெண் ஒருத்தியே. ஆகவே அந்த மூட்டை அவளுடைய மருந்துப் பெட்டியாயிற்று.

இம்மருந்தின் இயல்பை அறிந்தவர்களுக்கு இதிலுள்ள ஆபத்து புரியும். அதை நாள் தவறாமல், குறித்த நேரத்தில் உட்கொள்ள வேண்டும். அடிக்கடி தவறினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பின்னர் அம்மருந்து பயனற்றதாகிவிடும். கணவன் வீட்டிலிருக்கும் நாளிலே மூட்டையை அவிழ்க்க முடியுமா? கிளினிக்குக்குப் போகும் நாளில் என்ன பொய் சொல்வது? இப்படியாக ஒரு வேளை, இரண்டு வேளை தவறியதைப் பெண்கள் கூறியிருக்கிறார்கள். அடியினால் மட்டுமன்றி, அடிக்கு அஞ்சிய அச்சத்தினாலும் ஒருத்தி சாகலாம் என்பதை அவ்வறிக்கை காட்டிற்று. மருந்து கொடுத்தவர்களோ வீட்டில் வன்முறை உண்டா என்று வழக்கமாகக் கேட்பதில்லை என்றும் அது குறைகூறியது. நான் 1991இல் கண்ட அதே குறை.

அறிவிக்கும் முறைகள்

துணைவருக்கு அறிவிக்கும் வழக்கம் எயிட்ஸ் நோயோடு பிறந்ததன்று. சிபிலிஸ் முதலிய பாலியல் நோய்களை ஒழிக்க 1930களிலேயே ஐக்கிய அமெரிக்காவில் இது பெரிய இயக்கமாக நடந்தது. 1940களில் பென்சிலின் வந்தபின் அதற்கு நல்ல நியாயமும் உண்டாயிற்று: சொன்னால் ஊசி, ஊசியால் சுகம்.

இன்று இதை நான்கு விதமாகச் செய்கிறார்கள். நோயாளர் தாமே துணைவரிடம் சொல்வது முதலாவது. ஒரு தவணை குறித்து, அதற்குள் அவர் சொல்லாவிட்டால் வைத்தியசாலையினர் அவர் சம்மதத்தோடு சொல்வது இரண்டாவது. தொடக்கத்திலேயே வைத்தியசாலையினர் பொறுப்பேற்றுச் சொல்வது மூன்றாவது. இருவரும் ஒருங்கே அமர்ந்திருக்க, தாதியோ வைத்தியரோ துணை நின்று சொல்வது நான்காவது. மலாவி நாட்டின் தலைநகரான லிலோங்வேயில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் முறையில் 24 வீதமான துணைவரே பரிசோதனைக்கு வந்தனர் என்றும், இரண்டாம் மூன்றாம் முறைகளில் 51 வீதத்தினர் வந்தனர் என்றும் கண்டது. 2016 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனமும், நோயாளர் விரும்பினால் இத்தகைய உதவியை வழங்குமாறு எல்லா நாடுகளுக்கும் சிபாரிசு செய்தது. விரும்பினால் என்ற சொல் இங்கே முக்கியமானது.

பெயர் சொல்லாமல் அறிவிக்கலாமே என்பர் சிலர். "உம்மோடு தொடர்புடைய ஒருவருக்கு இந்நோய் உண்டு, பரிசோதித்துக்கொள்ளும்" என்று கடிதம் அனுப்பினால் போதாதா? பலரோடு பழகியவனுக்கு அது மறைவாக இருக்கலாம். மனைவி ஒருத்தியே உள்ள வீட்டிலே அப்படிப்பட்ட கடிதம் வந்தால், அதில் எழுதாத பெயரை வாசிக்கக் கணவனுக்குக் கண்ணாடி வேண்டுமோ?

அச்சம் வீண்தானா?

உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையிலே 2004இல் வெளியான ஒரு கட்டுரை, பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. துணைவரிடம் சொன்ன பெண்களுள் வன்முறைக்கு உள்ளானோர் ஆய்வுக்கு ஆய்வு 3.5 வீதம் முதல் 14.6 வீதம் வரை இருந்தனர். பெரும்பாலான துணைவர்கள் ஆதரவாகவே நடந்துகொண்டனர். இது ஆறுதலான செய்தி. ஆண் இனத்துக்குப் பெருமையும்கூட. அஞ்சி அஞ்சி ஆண்டுக்கணக்காக மறைத்த ஒரு பெண், சொன்னபின் கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுததைக் கண்டவரும் உண்டு.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அந்தக் கணக்கு, சொல்லத் துணிந்தவர்களின் கணக்கு. மிக அதிகமாக அஞ்சியவர்கள் சொல்லவேயில்லை. ஆகவே அவர்கள் கணக்கில் இல்லை. கென்யாவில் நடந்து 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்விலே, துணைவருக்கு அறிவித்ததால் நேர்ந்த வன்முறை மிகக் குறைவு என்று கண்டார்கள். ஆனால் அந்த ஆய்வினர், வீட்டு வன்முறை அபாயம் அதிகமுள்ளோரை முன்கூட்டியே விசாரித்தறிந்து, ஆய்வில் சேர்க்காது விலக்கியிருந்தனர். கேட்டுவிட்டுச் செய்தால் பெரும்பாலும் தீங்கில்லை என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம். கேளாமற் செய்தாலும் தீங்கில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது.

தன்சானியாவின் டார் எஸ் ஸலாம் நகரிலே நடந்து 2002இல் வெளியான ஆய்வு இன்னொரு உண்மையைக் காட்டிற்று. முப்பது வயதுக்குட்பட்ட பெண்களுள், கிருமி உள்ளவர்கள் துணைவரின் வன்முறைக்கு உள்ளானதாகக் கூறும் வாய்ப்பு, கிருமி இல்லாதவர்களைவிடப் பத்து மடங்காக இருந்தது. செய்தியைக் கேட்டுத்தான் அத்தனை ஆண்களும் கை ஓங்கினார்கள் என்று இதற்குப் பொருளன்று. அடிக்கும் கணவனிடம் வேண்டாம் என்று சொல்லவும், பாதுகாப்புறை அணியும்படி கேட்கவும் ஒரு பெண்ணால் முடியாது. ஆகவே வன்முறை முன்னே செல்ல, கிருமி பின்னே வருகிறது. எந்த வீட்டில் செய்தி சொல்வது ஆபத்தோ, அந்த வீட்டிலேயே கிருமியும் அதிகம் புகுகிறது.

கணவனின் உயிரும் உயிரே

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கணவன் எவ்வளவு கொடியவனாயினும் அவனும் மனிதன். தன் உடம்பிலே கிருமி உண்டா என்று அறிய அவனுக்கு உரிமை இல்லையா? அறியாமலிருந்தால் அவன் இறந்துபோகலாம், மற்றவர்களுக்கும் பரப்பலாம். மனைவியைக் காப்பதற்காகக் கணவனைச் சாக விடுவதா?

இவ்வினாவை நான் பலகாலம் மனத்திலே சுமந்திருக்கிறேன். 1991இல் எவரேனும் என்னிடம் கேட்டிருந்தால் விடை சொல்லத் திணறியிருப்பேன். இன்று மருந்தே ஒரு விடை தந்திருக்கிறது. ஒழுங்காக மருந்து உட்கொள்ளும் ஒருவரின் இரத்தத்திலே, ஏறத்தாழ ஆறு மாதத்துக்குள் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிடும். அந்நிலை நீடிக்கும்வரை அவரிடமிருந்து உடலுறவின் வழியாகத் துணைவருக்குக் கிருமி தொற்றுவதில்லை என்பது இப்போது ஐயமற நிறுவப்பட்டிருக்கிறது. ஆகவே மனைவிக்கு உடனே மருந்தைத் தொடங்கி, அதைத் தடையின்றி உட்கொள்ள வழியும் செய்துவிட்டால், அவளைக் காக்கும் காரியமும் அவள் கணவனைக் காக்கும் காரியமும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்திலே அவளுக்கு ஒரு தங்குமிடம் தேடலாம். தமையனையோ தாயையோ நம்பிக்கைக்குக் கொள்ளலாம். கணவனை வேறொரு காரணம் கொண்டு பரிசோதனைக்கு அழைக்கலாம். ஏற்கனவே தொற்றியிருக்கக்கூடிய அவனுக்கும் சிகிச்சை தேவை என்பதால், அவகாசம் என்பது என்றென்றைக்கும் மறைப்பதாகாது. பாதுகாப்பான நாளைத் தேடுவதாகும்.

சட்டம் இயற்றியவர்களிலும் சிலர் இதை உணர்ந்தார்கள். ஐக்கிய அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலம் 1998இல் இயற்றி 2000 ஜூன் மாதத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம், எந்தத் துணைவருக்கும் அறிவிக்குமுன் வீட்டு வன்முறை அபாயம் உண்டா என்று விசாரிக்க வேண்டும் என்று விதித்தது. இந்தியாவிலே 2017இல் நிறைவேறி 2018 செப்டெம்பர் முதல் நடைமுறையிலுள்ள சட்டம், வைத்தியர் சில நிபந்தனைகளோடு நோயாளரின் துணைவருக்கு அறிவிக்க இடமளிக்கிறது. ஆனால் அதன் 9ஆம் பிரிவு, அதனால் வன்முறையோ கைவிடப்படுதலோ நேரும் என்று நியாயமாக அஞ்ச இடமிருந்தால், குறிப்பாகப் பெண்களின் விஷயத்தில், அறிவிக்கலாகாது என்று தடுக்கிறது. இந்தியாவில் இக்கிருமி 1986இல் முதன்முதல் கண்டறியப்பட்டது சென்னையிலே. மணவாழ்க்கை வழியாகத் தொற்றைப் பெற்ற கௌசல்யா என்னும் தமிழ்ப் பெண்மணி, தம்மைப்போன்ற மாதரைத் திரட்டி 1998இல் ஒரு சங்கம் அமைத்ததும் அச்சென்னையிலேயே. சொல்லப்படாமையால் வரும் துன்பத்தையும், சொன்னதால் வரும் துன்பத்தையும் ஒருங்கே அறிந்தவர்கள் அப்பெண்கள்.

ஒருவரும் முதல்வர் ஆகாதபடி

முதலில் அறிந்தவர் குற்றவாளியாகிறார் என்றால், ஒருவரும் முதலில் அறியாதபடி செய்யலாமே! கணவனையும் மனைவியையும் ஒரே நாளில் அழைத்து, இருவர் இரத்தத்தையும் எடுத்து, இருவருக்கும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் முடிவைச் சொல்லும் நிலையம் ஒன்று லுசாகா நகரிலே 1994 முதல் நடந்தது. அங்கே செய்தி கொண்டுவருகிறவர் தாதி. சினம் பொங்கினாலும் அதை ஆற்ற மூன்றாமவர் ஒருவர் அருகில் இருப்பார். மிக நல்ல முறை. ஆயினும் அம்முறையையும் கட்டாயமாக்கலாகாது. கணவன் முன்னிலையில் வாய் திறக்க முடியாத பெண்ணிடம், அவள் தனித்திருக்கும்போதே முதலில் கேட்க வேண்டும்: வீட்டிலே உங்களுக்குப் பயமா? அவர் எப்போதாவது அடித்ததுண்டா? இன்று வீட்டுக்குப் போனால் என்ன நேரும் என்று நினைக்கிறீர்கள்?

இம்மூன்று வினாக்களுக்கும் ஐந்து நிமிடம் போதும். 1991இல் அந்தப் பெண்ணிடம் எவரும் செலவிடாத ஐந்து நிமிடம். அவளுடைய தமையன் ஊரிலிருந்து வந்து அவளையும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்றார். நோயாளியான அந்தக் குழந்தை அடுத்த மழைக்காலத்துக்கு முன் இறந்துவிட்டது. நாங்கள் புறப்பட்ட 1993ஆம் ஆண்டிலே, அவள் மூத்த பிள்ளைகள் இருவரோடு சந்தையில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தாள்.

நம் நாட்டிலே இந்நோய் மிகக் குறைவு. கருவுற்ற தாய்மார் எல்லாருக்கும் பரிசோதனை வழங்கப்படுவதால், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் இலங்கையை அங்கீகரித்தது. பெருமைக்குரிய காரியம். அதே காரணத்தால், இங்கேயும் ஒரு வீட்டில் செய்தியை முதலில் அறிபவள் மனைவியாக இருக்க இடமுண்டு. ஆகவே கிளினிக்கிலே அமர்ந்திருக்கும் மருத்துவ மாதர், தாதியர், வைத்தியர்கள் அனைவரும் அந்த மூன்று வினாக்களைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். அடிக்கும் துணைவருக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்திலே பாதுகாப்புக் கட்டளை பெற, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வழி செய்கிறது. 1938 என்ற தொலைபேசி இலக்கத்தில் மகளிருக்கு உதவி கேட்கலாம். இவ்விரண்டையும் கிளினிக்குச் சுவரிலே தமிழிலும் எழுதி ஒட்டினால் ஒருவருக்கும் நட்டமில்லை.

இதைப் படிக்கும் மாணவ மாணவியரிலே நாளைய வைத்தியர்களும் தாதிகளும் இருக்கிறீர்கள். இரத்தத்தை வாசிக்கும் கலையைப் பல்கலைக்கழகம் உங்களுக்குக் கற்பிக்கும். அந்தச் சீட்டோடு ஒருத்தி திரும்பிப் போகும் வீட்டையும் கேட்டறியப் பழகிக்கொள்ளுங்கள். குடும்பத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மகளோ மருமகளோ அயல் வீட்டுப் பெண்ணோ இப்படியொரு செய்தியோடு உங்கள் வாசலுக்கு வந்தால், "யாரால் வந்தது?" என்று கேளாதீர்கள். அதற்கு அவளிடம் விடை இராது. இருந்தாலும் அதனால் எவருக்கும் சுகம் வராது. "இன்றிரவு எங்கே படுப்பாய், பிள்ளை? மருந்தை எங்கே வைப்பாய்?" என்று கேளுங்கள். இடமில்லை என்றால் உங்கள் வீட்டு அலுமாரியிலே ஒரு தட்டை ஒழித்துக் கொடுங்கள்.